வேட்டை நாய்க்குட்டி வாங்கப் போறீங்களா? கையைத் தட்டிப் பாருங்க... அப்புறம் காசைக் கொடுங்க!

ராஜபாளையம், சிப்பிப்பாறை, கன்னி, கோம்பை... இந்தப் பெயர்களைக் கேட்டாலே நம்ம ஊர் இளைஞர்களுக்கு ஒரு துள்ளல் வந்துவிடும். 'வளர்த்தா ஒரு வேட்டை நாய் வளர்க்கணும்' என்று ஆசைப்படாதவர்கள் தென் மாவட்டங்களில் குறைவு.

ஆனால் ஆசைப்பட்டு வாங்கிய குட்டி என்ன ஆகிறது? சில வீடுகளில் பத்தே நாளில் ரத்தக் கழிச்சல் வந்து செத்துப் போகிறது. சில வீடுகளில் ஆறு மாதம் கழித்துத்தான் 'இதுக்கு காதே கேட்கலையே' என்று தெரிய வருகிறது. இன்னும் சில வீடுகளில் இரண்டடி சங்கிலியில் கட்டிக் கிடந்து, கிறுக்குப் பிடித்த மாதிரி சுற்றிச் சுற்றி வருகிறது. கடைசியில் ராத்திரியோடு ராத்திரியாக ஊர் எல்லையில் கொண்டுபோய் விட்டுவிட்டு வந்து விடுகிறார்கள்.

கூலி வேலைக்குப் போய் மிச்சம் பிடித்த காசு. அதை ஒரு குட்டியில் போடும் முன்னால் பத்து நிமிஷம் செலவு செய்தால் போதும். இந்தத் துன்பத்தில் பாதியைத் தடுத்து விடலாம். மீதிப் பாதி, முதல் ஆறு மாத வளர்ப்பில் இருக்கிறது. அதற்கான முழு விவரம் வருமாறு:-

எந்த ஊர் நாய்? என்ன குணம்?

ராஜபாளையம்:- விருதுநகர் மாவட்டம், மேற்குத் தொடர்ச்சி மலை அடிவாரத்து ஊர். அந்த ஊரின் பெயரையே கொண்ட நாய். பால் வெள்ளை நிறம், ரோஸ் கலர் மூக்கு, மடிந்து தொங்கும் காது, மஞ்சள் சாயல் அடிக்கும் கண். நான்கு இனங்களில் ஆஜானுபாகுவானது இதுதான். காட்டுப்பன்றி வேட்டைக்கும், வீடு, தோட்டக் காவலுக்கும் அந்தக் காலத்தில் வளர்த்தார்கள். எஜமானைத் தவிர மற்றவர்களை எளிதில் அண்ட விடாது. 2005-ம் ஆண்டு இந்திய நாய் இனங்களுக்கு அஞ்சல் துறை தபால் தலை வெளியிட்டபோது, அதில் ராஜபாளையமும் இடம் பிடித்தது.

சிப்பிப்பாறை:- இதுவும் விருதுநகர் மாவட்டத்து ஊர்ப் பெயர்தான். ஒட்டிய வயிறு, நீண்ட கால், கூர்மையான முகம். செவலை, மயிலை என்று பல நிறங்களில் வரும். முயல் ஓட்டத்துக்குப் பெயர் போனது. மோப்பத்தை விட கண்ணால் பார்த்து துரத்துகிற இனம். தூரத்தில் ஒன்று ஓடினால் போதும், அம்பு மாதிரி கிளம்பி விடும்.

கன்னி:- உருவத்தில் சிப்பிப்பாறைக்கு அக்கா தங்கச்சி மாதிரி இருக்கும். உடம்பு கருப்பு. கால், மார்பு, முகத்தில் செம்பழுப்பு. கல்யாணத்தில் பெண்ணுக்குச் சீதனமாகக் கொடுத்ததால் இந்தப் பெயர் வந்தது என்று சொல்வார்கள். கூச்ச சுபாவம் உள்ளது. அதட்டினால் ஒடுங்கிப் போகும்.

கோம்பை:- தேனி மாவட்டம் உத்தமபாளையம் பக்கத்து ஊர். செம்பழுப்பு உடம்பு, கருத்த மூஞ்சி, கட்டுமஸ்தான தேகம். காட்டுப்பன்றிக்கும் பயப்படாது. மாட்டுக் கொட்டகை, தோட்டக் காவலுக்கு கெட்டிக்காரன். அதே நேரம் முரட்டுப் பிடிவாதமும் உண்டு. நாய் வளர்த்து அனுபவம் இல்லாதவர்கள் எடுத்த எடுப்பில் கோம்பையை வாங்க வேண்டாம்.

2020-ம் ஆண்டு ஆகஸ்டு மாதம் பிரதமர் மோடி வானொலி உரையில் இந்த நான்கு இனங்களின் பெயரையும் சொன்னார். ராஜபாளையமும் சிப்பிப்பாறையும் மத்திய அரசின் தேசிய கால்நடை மரபு வள அமைப்பில் தனி இனங்களாகப் பதிவாகி உள்ளன. பெயர் பெரிதானால் அந்தப் பெயரில் போலியும் வரும் அல்லவா? அதனால்தான் உஷார் தேவை.

வேட்டைக்குப் போனால் ஜெயில்!

முதலிலேயே இதைச் சொல்லிவிட வேண்டும். பெயர்தான் வேட்டை நாய். வேட்டைக்கு அனுமதி கிடையாது. 1972-ம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி முயல், மான், உடும்பு, காட்டுப்பன்றி எதையும் நாயை விட்டுப் பிடிக்கக் கூடாது. பிடித்தால்தான் குற்றம் என்று நினைக்காதீர்கள். துரத்துவதும், பிடிக்க முயற்சி செய்வதும் கூட சட்டப்படி 'வேட்டை'தான்.

மாட்டினால் 3 ஆண்டு வரை சிறை, 1 லட்சம் ரூபாய் வரை அபராதம் வரும். முதல் பட்டியலில் உள்ள விலங்குகள் என்றால் தண்டனை இன்னும் கூடும். நாயை ஏற்றிப்போன வண்டியையும் பறிமுதல் செய்யலாம். 'சும்மா பழக்கினேன் சார், ஒரு முயல்தான்' என்று சொன்னால் யாரும் கேட்க மாட்டார்கள். அதை செல்போனில் படம் எடுத்து இன்டர்நெட்டில் போடுவது, நமக்கு எதிராக நாமே சாட்சி சொல்வது.

அப்படியானால் இந்த நாய் எதற்கு? வீட்டுக் காவல், தோட்டக் காவல், ஆட்டுக்கிடைக் காவல், நல்ல துணை. இதற்காகத்தான் வாங்க வேண்டும். பழக்குவதும் அதற்காகத்தான்.

உங்க வீட்டுக்கு எது சரி?

ஒற்றை அறை வாடகை வீடு, வாசலைத் திறந்தால் ரோடு என்றால் இந்த நான்குமே சரிப்படாது. ஓடுவதற்குப் பிறந்த நாயை ஓட விடாமல் வைத்தால் அது குரைக்கும், கடிக்கும், பொருளை நாசம் செய்யும். அது நாயின் குற்றம் அல்ல.

சுற்றுச்சுவரோ வேலியோ போட்ட இடம் இருக்கிறது, காலையும் மாலையும் அரை மணி நேரம் ஒருவர் கூட்டிப்போக முடியும் என்றால் தாராளமாக வாங்கலாம். தோட்டம், கொட்டகைக்கு ராஜபாளையம், கோம்பை. சின்னப் பிள்ளைகள் உள்ள, ஆள் நடமாட்டம் உள்ள வீட்டுக்கு கன்னி, சிப்பிப்பாறை ஓரளவு ஒத்துப் போகும். எந்த இனமானாலும் கைக்குழந்தையோடு தனியாக விடவே கூடாது.

வீட்டில் கோழி, ஆட்டுக்குட்டி உண்டா? அப்படியானால் குட்டிப் பருவத்திலேயே அவற்றோடு சேர்த்துப் பழக்க வேண்டும். வளர்ந்த நாயை வாங்கி வந்து 'கோழியைத் தொடாதே' என்றால் அதற்குப் புரியாது.

வயசு என்ன? முதலில் பல்லைப் பாருங்க!

2017-ம் ஆண்டு வந்த மத்திய அரசு விதிகளின்படி 8 வாரம் முடியாத குட்டியை விற்கக் கூடாது. ஆனால் ஒரு மாதக் குட்டியையே பையில் போட்டுக் கொண்டு வந்து விற்பவர்கள் இருக்கிறார்கள். சின்னக் குட்டி என்றால் பார்க்க அழகாக இருக்கும், சீக்கிரம் விலை போகும். அதுதான் காரணம்.

தாயிடமும் கூடப் பிறந்த குட்டிகளிடமும் 8 வாரம் இருந்தால்தான் 'இவ்வளவு அழுத்திக் கடிச்சா வலிக்கும்' என்பதை குட்டி கற்றுக் கொள்ளும். முன்னாலேயே பிரித்தால் கடிக்கிற பழக்கமும் பயந்த குணமும் வரும். நோயும் சுலபமாகத் தொற்றும்.

வயசைக் கண்டுபிடிக்க ஒரு வழி பல். மூன்று, நான்கு வாரத்தில்தான் பால் பல் முளைக்க ஆரம்பிக்கும். 8 வாரக் குட்டிக்கு ஊசி மாதிரி 28 பால் பற்களும் வரிசையாக வந்திருக்கும். பல் பாதிதான் வந்திருக்கிறது, ஆனால் 'ரெண்டு மாசம் ஆச்சு' என்கிறாரா? நம்பாதீர்கள்.

கையைத் தட்டிப் பாருங்க!

இதுதான் முக்கியமான சோதனை. அதிலும் வெள்ளை ராஜபாளையம் குட்டிக்கு கட்டாயம். உடம்புக்கு நிறம் கொடுக்கிற அணுக்கள் உள்காதுக்கும் தேவை. வெள்ளை நாய்களில் சிலவற்றுக்கு அந்த அணுக்கள் காதில் இல்லாமல் போய், பிறவியிலேயே காது கேட்காது. இதற்கு மருந்தும் கிடையாது, ஆபரேஷனும் கிடையாது.

எல்லாக் குட்டிகளும் ஒன்றாக இருக்கும்போது சோதிக்காதீர்கள். காது கேட்கிற குட்டி திரும்பினால், கேட்காத குட்டியும் அதைப் பார்த்துத் திரும்பும். ஏமாந்து போவீர்கள். நீங்கள் விரும்பும் குட்டியை மட்டும் தனியாகத் தூக்கி வாருங்கள். அது வேறு பக்கம் பார்த்துக் கொண்டிருக்கும்போது, பின்னால் நான்கடி தள்ளி நின்று கையைத் தட்டுங்கள். தரையில் காலை மிதிக்கக் கூடாது. அதிர்வை உணர்ந்து திரும்பி விடும். நிழல் விழக் கூடாது. காற்று படக் கூடாது.

சாவிக்கொத்தை ஆட்டுங்கள். விசில் அடியுங்கள். வலது பின்பக்கம் ஒரு முறை, இடது பின்பக்கம் ஒரு முறை. காதை அசைக்கிறதா, தலையைத் திருப்புகிறதா என்று பாருங்கள். தூங்கும் குட்டிக்குப் பக்கத்தில் தட்டினால் முழிக்க வேண்டும். ஒரு காது மட்டும் கேட்காத குட்டியை இந்தச் சோதனையில் கண்டுபிடிப்பது கஷ்டம். சத்தம் எந்தப் பக்கம் இருந்து வருகிறது என்று தெரியாமல் தடுமாறினால் சந்தேகப்படுங்கள்.

தெரியாமல் வாங்கி விட்டீர்களா? தெருவில் விட்டு விடாதீர்கள். கையால் சைகை காட்டிப் பழக்கலாம். தூங்கும்போது திடீரென்று தொடக் கூடாது, பயத்தில் கடித்து விடும். கயிறு இல்லாமல் வெளியே விடக் கூடாது. அதை இனப்பெருக்கத்துக்கும் விடக் கூடாது.

தலை முதல் வால் வரை...

தாய்:- 'அண்ணாச்சி, தாயைக் காட்டுங்க' என்று கேளுங்கள். தாயைக் காட்டாத இடத்தில் குட்டி வாங்காதீர்கள். தாய் எலும்பும் தோலுமாக, சொறி பிடித்து இருந்தால் குட்டிக்கும் பிரச்சினை இருக்கும். தாய் காரணமில்லாமல் பாய்ந்து கடிக்க வந்தாலோ, மூலையில் பதுங்கி நடுங்கினாலோ அந்தக் குணமும் குட்டிக்கு வரலாம். பால் கொடுக்கும் தாய் குட்டிகளைக் காக்க உறுமுவது மட்டும் சகஜம்.

கண், மூக்கு:- பீளை, சளி இருக்கக் கூடாது.

ஈறு:- உதட்டைத் தூக்கிப் பாருங்கள். இளஞ்சிவப்பாக இருக்க வேண்டும். வெளுத்து இருந்தால் குடற்புழு, உண்ணி காரணமாக ரத்தம் குறைந்திருக்கலாம்.

வயிறு:- உடம்பு மெலிந்து வயிறு மட்டும் பானை மாதிரி உப்பி இருந்தால் பூச்சி. தொப்புளில் நெல்லிக்காய் மாதிரி வீக்கம் இருந்தால் குடலிறக்கமாக இருக்கலாம், டாக்டரிடம் காட்ட வேண்டும்.

வால் அடி:- ஈரமாக, கழிச்சல் ஒட்டி இருந்தால் அந்தக் குட்டி வேண்டாம். அதே ஈத்தில் இன்னொரு குட்டியும் வேண்டாம்.

கால்:- தரையில் நடக்க விட்டுப் பாருங்கள். முன்னங்கால் வளையக் கூடாது, நொண்டக் கூடாது. மடியில் வைத்துப் பார்த்தால் இது தெரியாது.

குணம்:- உட்கார்ந்து மெதுவாகக் கூப்பிடுங்கள். கொஞ்சம் தயங்கி, பிறகு வாலை ஆட்டிக் கொண்டு வருகிற குட்டிதான் நல்ல குட்டி. எல்லோரையும் தள்ளிவிட்டு ஏறி மிதிக்கிற குட்டியும், மூலையை விட்டு வராத குட்டியும் புதிதாக வளர்ப்பவர்களுக்குச் சரிப்படாது.

இப்படியும் ஏமாற்றுவார்கள்!

* கலப்புக் குட்டியை 'அசல் ராஜபாளையம்' என்று விற்பது. மூக்கில் கரும்புள்ளி, உடம்பில் நிறையக் கருப்புத் திட்டு இருந்தால் தாய், தகப்பன் இரண்டையும் பார்க்காமல் வாங்காதீர்கள்.

* 'ஊசி எல்லாம் போட்டாச்சு' என்று வாயால் சொல்வது. தடுப்பூசி அட்டை எங்கே? மருந்துப் புட்டியின் ஸ்டிக்கர், தேதி, டாக்டர் கையெழுத்து இருக்கிறதா? இல்லை என்றால் ஊசி போடவில்லை என்றே வைத்துக் கொள்ளுங்கள்.

* போனில் ஒரு குட்டியைக் காட்டி முன்பணம் வாங்கி, பஸ்சில் வேறு குட்டியை ஏற்றி விடுவது. நேரில் பார்க்காமல் ஒரு ரூபாய் கூட அனுப்பாதீர்கள்.

* 'காதை வெட்டினால் கம்பீரம், வாலை வெட்டினால் வேகம்' என்று சொல்வது. இரண்டும் பொய். ஓடும்போது திரும்புவதற்கு வால்தான் சுக்கான் மாதிரி. வெட்டுவது வெறும் கொடுமை.

குட்டி விற்பனை செய்கிறவர்கள் மாநில விலங்குகள் நல வாரியத்தில் பதிவு செய்திருக்க வேண்டும். பதிவு எண்ணைக் கேளுங்கள், ரசீது கேளுங்கள். 'ரெண்டு நாளைக்குள்ள டாக்டர்ட்ட காட்டுறேன், நோய் இருந்தா திருப்பித் தருவேன்' என்று பேசி, அதை எழுதி வாங்குங்கள். தயங்காமல் சம்மதிக்கிறவர்தான் நல்ல வியாபாரி.

முதல் ஏழு நாள்

குட்டியைக் காலையில் அழைத்து வாருங்கள். ராத்திரிக்குள் வீடு பழகி விடும். தாயோடு படுத்த பழைய சாக்கு அல்லது துணி ஒன்றை வாங்கி வந்து அதன் படுக்கையில் போடுங்கள். அந்த வாசனைக்கு அழுகை குறையும்.

முதல் இரண்டு மூன்று ராத்திரி கத்தத்தான் செய்யும். அடிக்காதீர்கள். வெளியே தனியாகக் கட்டாதீர்கள். ஆள் படுக்கும் இடத்துக்குப் பக்கத்திலேயே ஒரு அட்டைப் பெட்டியில் போடுங்கள். அக்கம்பக்கத்துப் பிள்ளைகள் எல்லாம் தூக்கிக் கொஞ்ச வருவார்கள். முதல் இரண்டு நாள் அதைத் தவிர்த்து விடுங்கள். வாங்கிய இடத்தில் என்ன தீனி போட்டார்களோ அதையே ஒரு வாரம் போட்டு, கொஞ்சம் கொஞ்சமாக மாற்றுங்கள்.

இரண்டு நாளைக்குள் கால்நடை டாக்டரிடம் காட்டுங்கள். அரசு கால்நடை மருந்தகம் உங்கள் பகுதியிலேயே இருக்கும்.

ஊசி போடலேன்னா உயிர் போகும்

குட்டிகளைக் கொல்லும் முதல் எதிரி 'பார்வோ' என்ற வைரஸ் கழிச்சல். நேற்று வரை துள்ளிய குட்டி சோர்ந்து படுக்கும். வாந்தி எடுக்கும். பிறகு நாற்றமடிக்கும் ரத்தக் கழிச்சல். நாட்டு மருந்து கொடுத்துப் பார்த்து ஒரு நாளை வீணடித்தால் குட்டி தேறாது. அன்றைக்கே டாக்டரிடம் போய் டிரிப்ஸ் ஏற்ற வேண்டும்.

இன்னொரு விஷயம். இந்தக் கிருமி மண்ணில் பல மாதங்கள் உயிரோடு கிடக்கும். உங்கள் வீட்டில் இதற்கு முன் ஒரு குட்டி ரத்தக் கழிச்சலில் செத்திருந்தால், அதே இடத்துக்கு ஊசி போடாத குட்டியைக் கொண்டு வராதீர்கள். பிளீச்சிங் பவுடர் கரைசலால் தரையைக் கழுவுங்கள். பழைய தட்டு, சாக்கு, கயிறு எதுவும் வேண்டாம்.

* 6 முதல் 8 வாரத்தில் பல நோய்களுக்கான முதல் கூட்டுத் தடுப்பூசி. பிறகு 3, 4 வாரத்துக்கு ஒரு முறை, குட்டிக்கு 16 வாரம் ஆகும் வரை.

* 3 மாதத்தில் வெறிநாய்க்கடி தடுப்பூசி. டாக்டர் சொல்லும் நாளில் பூஸ்டர். பிறகு வருஷா வருஷம். செப்டம்பர் 28 உலக வெறிநாய்க்கடி நோய் தினத்தை ஒட்டி பல ஊர்களில் இலவச முகாம் நடக்கும். விட்டு விடாதீர்கள்.

* குடற்புழு மருந்து 3 மாதம் வரை 15 நாளைக்கு ஒரு முறை, 6 மாதம் வரை மாதம் ஒரு முறை. அளவு, எடையைப் பொறுத்தது. எடை போட்டுத்தான் கொடுக்க வேண்டும்.

காதுக்குள், விரல் இடுக்கில் உண்ணி இருக்கிறதா என்று தினமும் பாருங்கள். உண்ணிக் காய்ச்சல் நாயைப் படுக்க வைத்து விடும். மாட்டுக்கு அடிக்கிற பூச்சி மருந்தை நாய்க்குக் குத்துமதிப்பாக ஊற்றாதீர்கள். நக்கினால் விஷம். மனுஷனுக்கு வாங்கிய காய்ச்சல் மாத்திரையும் கொடுக்கக் கூடாது.

ஆபரேஷன் என்றால் 'டாக்டர், இது வேட்டை நாய் இனம்' என்று முன்கூட்டியே சொல்லுங்கள். கொழுப்பு இல்லாத ஒல்லி உடம்புக்கு மயக்க மருந்தைப் பார்த்துத்தான் கொடுக்க வேண்டும்.

தீனி: விலை கூடிய பாக்கெட் வேண்டாம்

3 மாதம் வரை ஒரு நாளைக்கு நான்கு வேளை. 6 மாதம் வரை மூன்று வேளை. பிறகு இரண்டு வேளை. கேப்பைக் கூழ், கம்பங்கூழ், சோறு எது வேண்டுமானாலும் கொடுக்கலாம். ஆனால் அது மட்டும் போதாது. ஓடுகிற நாய்க்குக் கறிச்சத்து தேவை. வேக வைத்த முட்டை, முள் எடுத்த மீன், கறிக்கடையில் மலிவாகக் கிடைக்கும் ஈரல், கோழித்தலை, கழுத்து ஆகியவற்றை நன்றாக வேக வைத்து எலும்பு நீக்கிக் கலந்து போடுங்கள்.

வேக வைத்த கோழி எலும்பு சில்லுச் சில்லாக உடைந்து குடலைக் குத்தும். வெங்காயம் போட்ட குழம்பு, சாக்லேட், திராட்சை மூன்றும் நாய்க்கு விஷம். பசும்பால் சில குட்டிகளுக்குக் கழிச்சல் உண்டாக்கும். 'உயரமா வரணும்' என்று கால்சியம் மருந்தை டாக்டர் சொல்லாமல் ஊற்றினால், நேரான காலே கோணிப் போகும்.

சிப்பிப்பாறை, கன்னி ஒல்லியாகத்தான் இருக்கும். கடைசி ஒன்றிரண்டு விலா எலும்பு லேசாகத் தெரிந்தால் பட்டினி அல்ல. பார்க்கிறவர்கள் 'சோறே போட மாட்டியா?' என்று கேட்பார்கள். அதற்காக ஊட்டி ஊட்டி குண்டாக்கி விடாதீர்கள். முதுகெலும்பும் இடுப்பு எலும்பும் துருத்தினால்தான் கவலைப்பட வேண்டும்.

சாப்பிட்ட ஒரு மணி நேரம் ஓட விடக் கூடாது. இது ஆழமான நெஞ்சுக்கூடு உள்ள நாய். இரைப்பை உப்பித் திருகிக் கொள்ளும் ஆபத்து உண்டு. வயிறு உப்பி, வாந்தி எடுக்க முயன்று ஒன்றும் வராமல் தவித்தால் ஒரு நிமிஷம் கூடத் தாமதிக்காமல் டாக்டரிடம் ஓடுங்கள்.

பழக்குவது எப்படி? மாத வாரியாக...

2 முதல் 3 மாதம்:- பெயர் சொல்லிக் கூப்பிடுவது. வந்தால் ஒரு துண்டு முட்டை. வீட்டில் எல்லோரும் ஒரே பெயரைச் சொல்ல வேண்டும். அப்பா 'மணி', பிள்ளை 'டைகர்' என்றால் குட்டி குழம்பி விடும். குடை, ஹெல்மெட், பிரஷர் குக்கர் சத்தம், ஆட்டோ, ஆடு, கோழி எல்லாவற்றையும் இந்த வயசிலேயே காட்டுங்கள். தடுப்பூசி முடியும் வரை தெருவில் இறக்கி விடாமல் தூக்கிக் கொண்டு போய்க் காட்டுங்கள். இந்த ஒரு மாதத்தில் பார்த்துப் பழகாததை எல்லாம் பிற்பாடு எதிரியாகத்தான் நினைக்கும்.

சாப்பிட்டதும், தூங்கி எழுந்ததும் ஒரே இடத்துக்குத் தூக்கிப் போய் விடுங்கள். ஒன்றுக்கு, ரெண்டுக்குப் போக அதுவே பழகிக் கொள்ளும். வீட்டுக்குள் போய் விட்டால் மூக்கைத் தேய்த்து அடிக்காதீர்கள். எதற்கு அடி என்றே அதற்குத் தெரியாது.

3 முதல் 4 மாதம்:- 'வா', 'உட்காரு', 'இரு'. ஒரு தடவைக்கு ஐந்து நிமிஷம், ஒரு நாளைக்கு மூன்று தடவை போதும். தீனி வைக்கும்போதெல்லாம் ஒரே மாதிரி விசில் அடியுங்கள். விசில் கேட்டால் ஓடி வரும் பழக்கம் ரத்தத்தில் ஊறி விடும்.

4 முதல் 6 மாதம்:- பால் பல் விழுந்து கடைவாய்ப் பல் முளைக்கும் நேரம். செருப்பு, துணி எல்லாம் நாசமாகும். முடிச்சுப் போட்ட பழைய கயிற்றைக் கடிக்கக் கொடுங்கள். கழுத்துப் பட்டை கட்டி நடக்கப் பழக்குங்கள். பிறகு 30 அடி கயிறு கட்டி திறந்த வெளியில் விட்டு, விசில் அடித்துக் கூப்பிடுங்கள். வந்தால் தீனி, தட்டிக் கொடுத்தல். தாமதமாக வந்தாலும் அடிக்கக் கூடாது. வந்ததற்கே அடித்ததாக நினைத்து, அடுத்த முறை வரவே வராது.

'விடு' என்ற சொல்லையும் இப்போதே கற்றுக் கொடுங்கள். வாயில் இருப்பதை விட்டால் அதைவிட ருசியான ஒன்று கிடைக்க வேண்டும். கோழிப் பக்கம் போய் 'விடு' என்றதும் உங்களைத் திரும்பிப் பார்த்தால் பாதிப் பழக்கம் முடிந்தது.

6 மாதம் முதல் 1 வருஷம்:- வேலி போட்ட இடத்தில் தானாக ஓட விடுங்கள். குச்சி நுனியில் நீளக் கயிறு, கயிற்று நுனியில் கந்தல் துணி கட்டி இழுத்தால் துரத்திப் பிடிக்கும். துரத்துகிற ஆசை தீர இதுவே போதும். உயிருள்ள முயல், பூனை, கோழியைக் காட்டிப் பழக்குவது சட்டப்படியும் தப்பு, நாய்க்கும் கெடுதல். ரத்த ருசி கண்டால் நாளைக்குப் பக்கத்து வீட்டு ஆட்டுக்குட்டியும் அதற்கு இரைதான்.

பைக்கில் கயிறு கட்டி ஓட்டுவது ஊருக்கு ஊர் நடக்கிறது. தயவு செய்து வேண்டாம். எலும்பு முற்றாத வயசில் தார் ரோட்டில் ஓடினால் மூட்டு போய்விடும். ஒரு வயசு தாண்டிய பிறகுதான் தொடர் ஓட்டம். அதுவும் மண் தரையில்.

வெயில் ஏறும் முன் காலையில், இல்லை என்றால் பொழுது சாய்ந்த பிறகு ஓட விடுங்கள். நாக்கு தொங்கி, எச்சில் வழிந்து, கால் தள்ளாடினால் வெப்பத் தாக்கு. நிழலில் படுக்க வைத்து உடம்பு முழுக்கத் தண்ணீர் ஊற்றி, விசிறிக்கொண்டே டாக்டரிடம் கொண்டு போங்கள்.

'சூ' காட்டாதீங்க!

காவல் நாய் என்றால் கடிக்க வேண்டும் என்று சிலர் நினைக்கிறார்கள். தெருவில் போகிறவர் மீது 'சூ' காட்டி விளையாடுகிறார்கள். இந்த இனங்களுக்கு காவல் குணம் பிறவியிலேயே உண்டு. நீங்கள் கற்றுக் கொடுக்க வேண்டியது நிறுத்துவதைத்தான். குரைத்த நாய், நீங்கள் ஒரு சொல் சொன்னதும் அடங்க வேண்டும். அதுதான் நல்ல காவல்.

வளர்ப்பு நாயைக் கவனக்குறைவாக விட்டு அடுத்தவருக்கு ஆபத்து ஏற்படுத்தினால் பாரதிய நியாய சன்ஹிதா 291-வது பிரிவின்படி 6 மாதம் வரை சிறை, 5 ஆயிரம் ரூபாய் வரை அபராதம் உண்டு. நகராட்சி, மாநகராட்சிப் பகுதியில் நாய்க்கு உரிமம் வாங்க வேண்டுமா என்று அலுவலகத்தில் கேட்டு வாங்கி விடுங்கள்.

நாள் முழுக்கச் சங்கிலியில் கிடக்கும் நாய்தான் அவிழ்ந்த அன்றைக்கு யாரையாவது கடிக்கும். வேலைக்குப் போகும் நேரம் கட்ட வேண்டி வந்தால், நிழலும் தண்ணீரும் உள்ள இடத்தில் நீளமாகக் கட்டுங்கள். வந்ததும் அவிழ்த்து ஓட விடுங்கள்.

குட்டி விளையாட்டாகப் பல் பதித்தாலும், கீறினாலும் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிஷம் கழுவுங்கள். மஞ்சள், சுண்ணாம்பு, மிளகாய்ப்பொடி எதுவும் வைக்காதீர்கள். அரசு ஆஸ்பத்திரியில் ஊசி இலவசம். சொன்ன தேதிகளில் எல்லா ஊசியும் போட வேண்டும். வெறிநோய் முற்றி விட்டால் காப்பாற்ற மருந்து இல்லை.

கடைசியாக ஒரு கணக்கு

குட்டி விலையை மட்டும் எண்ணிக் கொண்டு போகாதீர்கள். தடுப்பூசி, குடற்புழு மருந்து, தீனி, கழுத்துப் பட்டை, வேலி என்று எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதிக் கூட்டிப் பாருங்கள். பத்து வருஷத்துக்கு மேல் நம் கூட இருக்கப் போகிற ஜீவன். முதல் வருஷச் செலவு கையில் இல்லை என்றால் அடுத்த ஈத்துக்குக் காத்திருங்கள். குட்டி எங்கேயும் ஓடிப் போகாது.

போகும்போது இந்த ஐந்தை மட்டும் மனசில் வைத்துக் கொள்ளுங்கள்:-

1. தாயைப் பார்க்காமல் குட்டி வாங்காதே.

2. 8 வாரம் ஆகாத குட்டியைத் தொடாதே.

3. தனியாக எடுத்து வைத்துக் கையைத் தட்டிப் பார்.

4. தடுப்பூசி அட்டையைக் கண்ணால் பார்.

5. தினமும் ஓட விட இடமும் நேரமும் இருந்தால் மட்டும் வீட்டுக்குக் கூட்டி வா.

இந்த ஐந்தும் சரி என்றால் தைரியமாகக் காசைக் கொடுங்கள். ஒன்று இடித்தாலும் 'அப்புறம் வாரேன் அண்ணாச்சி' என்று சொல்லிவிட்டுத் திரும்பி வந்து விடுங்கள். குட்டி முகத்தைப் பார்த்தால் மனசு கேட்காதுதான். ஆனாலும் அன்றைக்குத் திரும்பி வருவதுதான் உங்களுக்கும் நல்லது, அந்தக் குட்டிக்கும் நல்லது.